பத்தடி பின்னால்

ராத்திரி மணி பன்னிரண்டரை இருக்கும். பசுவந்தனை ரோட்டில், ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் ஒரு லாரி நின்றது. ஒரே ஒரு ஆள் குதித்து இறங்கினான். லாரி போய்விட்டது... அப்புறம் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

இறங்கினவன் பேர் தவசி. அவனோடு மில்லில் வேலை பார்க்கிற பூவனலிங்கத்துக்குப் பெரியப்பா மகன். கோவில்பட்டியில் ஒரு ஜின்னிங் மில்லில் பஞ்சுப் பொதி சுமக்கிறவன். விலக்கிலிருந்து அவன் ஊருக்கு ரெண்டு மைல் நடக்க வேண்டும். இருபக்கமும் கரிசல் காடு. பாதி வழியில் ஒரு ஓடை, ஓடைக்கரையில் முள்ளாக நிற்கிற ஒற்றை உடைமரம். வீட்டில் விளக்கேற்ற ஆள் கிடையாது. பெண்டாட்டி பெத்தம்மாள் செத்து நாலு வருஷம்.

அவள் செத்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நம்ம பக்கத்தில் புருஷன் முன்னால் நடப்பான், பெண்டாட்டி பத்தடி பின்னால் வருவாள். திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தார்கள். அன்றைக்குப் பொழுது அடைகிற நேரம். அடுப்புக்குப் பிடுங்கின காய்ந்த பருத்திச்செடி, அதுதான் பருத்திமார், அவள் தலையில் ஒரு கட்டு. மெட்டி ணிக்... ணிக்... மார் உரசுகிற சத்தம் சர்... சர்... உடைமரத்துக்கிட்ட வந்ததும் ரெண்டு சத்தமும் நின்றன. காலில் முள் எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். திரும்பவில்லை. வீட்டுக்குப் போனான், கால் கழுவினான், கும்பாவை எடுத்து முன்னால் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வந்து கஞ்சி ஊற்றுவாள் என்று. நன்றாக இருட்டிய பிறகுதான் தேடிப் போனான்... உடைமரத்தடியில் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

ஒரு போட்டோ கிடையாது. வருஷம் போகப் போக அவள் முகம் அவனுக்கு மறந்தேபோயிற்று. மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருந்தாள் என்று கேட்டால் முழிப்பான். அந்த முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்பான். வேறு எதுவும் கேட்க மாட்டான்.

எண்பத்தியொண்ணு ஆனி மாசம், மில் ஆட்கள் இருபது பேர் லாரியில் திருநெல்வேலிப் பொருட்காட்சிக்குப் போனார்கள். அங்கன சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் என்று தனியாக ஒரு கொட்டகை. கையால் சுற்றுகிற பழைய காமிரா, படம் காட்டுகிற மிஷின், கண்ணாடிக்குள் சுருள் சுருளாகப் பிலிம். கடைசியில் ஒரு டெலிவிஷன் பெட்டி. அதன் தலையில் காமிரா. கயிறு கட்டின வழியில் நடந்து வருகிறவன் தன்னையே பெட்டிக்குள் பார்க்கலாம்.

"ஏலே தவசி, பெட்டிக்குள்ளயும் ஒன் மூஞ்சி கோணலாத்தாம்ல இருக்கு!" என்று சிரித்தான் பூவனலிங்கம்.

தவசி சிரிக்கவில்லை. பெட்டிக்குள் அவன் வருகிறான். அவனுக்குப் பின்னால், பத்தடி தள்ளி... தலையில் பருத்திமார்க் கட்டோடு ஒரு பொம்பளை.

வெடுக்கென்று திரும்பினான். பின்னால் மில் ஆட்கள். தொப்பி போட்ட ஒரு பையன். கட்டும் இல்லை, பொம்பளையும் இல்லை.

"என்னத்தலே பாக்குத?"

"ஒண்ணுமில்ல... நீ போ. நான் இன்னொரு தரம் வாரேன்."

சுற்றிப் போய் மறுபடி வரிசையில் நின்றான். மறுபடியும் வந்தாள். அவன் நின்றால் நின்றாள், நடந்தால் நடந்தாள். கட்டின் நிழல் முகத்தை மறைத்தது. கொஞ்சம் நிமிர்ந்தால் போதும்... நிமிரவில்லை. ஏழு தரம் சுற்றினான். "பெரியவரே, பொட்டிக்குள்ளயே குடியிருக்கப் போறீரா?" என்று காவலுக்கு நின்றவன் அதட்டினான். பெட்டியை அணைத்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி... அதுவும் போய்விட்டது. பூவனலிங்கம்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து லாரியில் ஏற்றினான்.

இப்போது விலக்கு. இருட்டு. தவசி நடந்தான்.

நூறு அடி போயிருப்பான். பின்னால்... ணிக். ணிக். சர்... சர்... காய்ந்த மாரும் வியர்வையும் கலந்த வாடை.

திரும்பத்தான் நினைத்தான். கழுத்து வரவில்லை. திரும்பினால் பொருட்காட்சியில் போனமாதிரி போய்விடுவாளோ என்று பயம். வேறொன்று தோன்றியது. ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து நின்றான்.

"ஏட்டி பெத்தம்மா... இன்னைக்கு நீ முன்னால போ. நான் பின்னால வாரேன்."

சத்தம் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு அவன் தோளோரமாக, ஒரு குளிர்ச்சி மாதிரிக் கடந்து போயிற்று. நிமிர்ந்தான். பத்தடி முன்னால் கட்டு, கட்டுக்குக் கீழே முதுகு.

வேகமாக நடந்தான். அதே பத்தடி. ஓடினான். அதே பத்தடி.

"ஒரே ஒரு தரம் திரும்புட்டி. மூஞ்சிய மட்டும் காட்டு. நான் வேற ஒண்ணும் கேக்கல."

திரும்பவில்லை.

ஓடைக்கரைக்கு வந்தார்கள். உடைமரத்தடியில் அவன் நெஞ்சை என்னமோ பிடித்தது. கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். கூப்பிட வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அவன் நின்றுபோனது அவளுக்குக் கேட்காமலா இருக்கும்?

மெட்டிச் சத்தம் நிற்கவில்லை. ணிக்... ணிக்... ஊர்ப்பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.

விடியக்காலையில் ஏர் பூட்டப் போன சோலைச்சாமிதான் பார்த்தார். உயிர் இருந்தது. தூக்கிக்கொண்டு போய், அவன் அரைஞாணில் கிடந்த சாவியை அவிழ்த்து வீட்டைத் திறந்தார்.

வாசல்படிக்கு உள்ளே, கால் கழுவின தண்ணீர் தேங்கி நின்றது. பரண்மேல் கவிழ்த்து வைத்திருந்த கும்பா தரைக்கு வந்திருந்தது. நிமிர்த்தி வைத்திருந்தது. வெறும் கும்பா.

நாலு வருஷமாகக் கூட்டாத வீடு அது; தவசி திண்ணையிலேயே படுத்துக்கொள்வான். தரையெல்லாம் புழுதி. கும்பாவுக்கு முன்னால், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்கு மட்டும்... புழுதி இல்லை.