பசியாவரத்துப் பிரசங்கம்

இந்தாண்ட வந்து உக்காரு வீரராகவா, அங்க பலகை இடுக்குல தண்ணி கசியுது, வேட்டி நனஞ்சிடும். ஆங், அப்பிடி. சிங்காரம், நீ பாட்டுக்குத் தள்ளுப்பா, நாங்க பேசிக்கினு வர்றோம். பசியாவரம் போய்ச் சேர இன்னும் நேரம் கீது.

இன்னா கேட்ட? வேலையா? வேலை ஒண்ணும் பெருசில்ல. ஒல்லாந்துப் பாதிரி பறங்கி பாசையில சொல்லுவான், அதை நீ நம்ம ஜனங்களுக்குத் தமிழ்ல சொல்லணும். மயிலாப்பூர்ல பறங்கி வூட்ல கணக்கா பத்து வருசம் இருந்தவன் நீ, உனக்கு அது பெரிய காரியமா? புதுசா ஒரு பாதிரிப் பையன் வர்ற ஞாயித்துக்கெழமை கப்பல்ல வந்து எறங்குறான். செவ்வாக்கெழமைலேர்ந்து அவன் நெழலு மாதிரி நீ கூடவே சுத்தணும். அவ்ளோதான்.

என்னை ஏன் நிறுத்தினாங்களா? உன்கிட்ட சொல்லலியா? ரெண்டு வருசத்துல ஒரு ஆளுகூட அவங்க வேதத்துக்கு வரலியாம். அந்தோணிசாமி, நீ ஒழுங்கா எடுத்துச் சொல்லலன்னாரு பெரிய பாதிரி.  தலையைக் குனிஞ்சிக்கினு வந்துட்டேன், உனக்கு ஊரைக் காட்டிட்டு வெலகிக்கணுமாம்.

இதுக்கு முன்ன இருந்தவனைப் பத்தித் தெரிஞ்சிக்கோ. அட்ரியானோ இன்னாவோ அவன் பேரு, நம்ம ஜனங்க வாயில ஆதியான்னு ஆயிடுச்சி. வந்து எறங்கறப்போ பத்தொம்போது வயசு. மூஞ்சி அவிச்ச இறா மாதிரி செவந்து, மூக்குத் தோலு உரிஞ்சிக்கினு இருந்தான். அப்பன் கப்பலுக்குப் பாய் தெக்கிறவனாம், செத்துட்டான். அம்மாக்காரி ஒண்டியா வளத்து, கடவுள் ஊழியத்துக்குன்னு அனுப்பி வெச்சிருக்கா. முழுப் பாதிரிகூட இல்ல, சீக்காளிங்க பக்கத்துல உக்காந்து செபம் படிக்கிறவன். அஞ்சு வருசத்துக்குக் கையெழுத்து போட்டிருந்தான். நடுவுல ஊருக்குப் போவ முடியாது. செத்தா போவலாம்.

அவன் ஒரு வாரம் எப்பிடி போவும்னு நெனைக்கிற? காலைல மணி அடிச்சா ஒல்லாந்துக்காரங்க கோட்டைக்குள்ள செபம். சாயங்காலம் மணி அடிச்சா செபம். நடுவுல சீக்காளிக் கொட்டாய். அங்க அவனைவிட சின்னப் பசங்க, சிப்பாய்ங்க, பேதியில கெடந்து அம்மா அம்மான்னுவாங்க. அந்தப் பாசையிலயும் அம்மான்றது கிட்டத்தட்ட அப்பிடித்தான் கேக்குது. அவன் பொஸ்தகத்தை ஒரு கையில வெச்சிக்கினு, இன்னொரு கையால வாந்திச் சட்டியைப் புடிச்சிப்பான். வியாழக்கெழமை நெசவாளர் தெரு. அவன் நின்னு பேசுவான், அவங்க தறியை நிறுத்தவே மாட்டாங்க. தறிச் சத்தத்துல அவன் சொல்றது எனக்கே கேக்காது, நான் இன்னாத்த சொல்றது? வெள்ளிக்கெழமைதான் அவனுக்குப் பேஜாரு. தொப்பியைக் கையில புடிச்சிக்கினு பெரிய பாதிரி முன்னாடி நிக்கணும். இந்த வாரம் எத்தினி பேருன்னு கேப்பாரு. ஒருத்தருமில்லன்னுவான். அடுத்த வெள்ளிக்கெழமையும் அதே கேள்வி, அதே பதில். சனிக்கெழமை துணி தோச்சிட்டு அம்மாவுக்குக் காயிதம் எழுதுவான். மொதக் காயிதத்துக்கு ஒன்றரை வருசம் கழிச்சி பதில் வந்துது. உன் இருமல் தேவலையான்னு கேட்டிருந்தாளாம். எனக்கு எப்போ இருமல் வந்துதுன்னு என்னைக் கேக்குறான்.

தனியா வெளிய போவக் கூடாது. ஒண்ணு நான் கூட இருக்கணும், இல்ல ஒரு சிப்பாய் இருக்கணும். பொழுது சாயறதுக்குள்ள உள்ள வந்துடணும், கதவை மூடிடுவாங்க. என் வூட்டுக்காரி சூசையம்மா சொல்லுவா, நீ என்னைக் கட்டினியா அவனைக் கட்டினியான்னு. ஒரு வாட்டி கோட்டை மதில் மேல நின்னுக்கினு இருந்தான். ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் ஏரி. அந்தோனியோ, எங்க பாத்தாலும் வழி மாதிரி தெரியுது, ஒண்ணு கூட வழி இல்லன்னான்.  எனக்கும் அந்தக் கோட்டைச் சோறுதான்.

செவ்வாக்கெழமைன்னா பசியாவரம். இதே படகு, இதே சிங்காரம். அந்த ஒரு நாள் அவன் மூஞ்சி தெளிஞ்சிருக்கும். ஏன்னா இந்த ஊர் ஜனம் மட்டும்தான் அவனை மதிச்சி வந்து உக்காரும். அவன் பூவரச மரத்தாண்ட நிப்பான். வலை பின்றவங்க ஊசியைக் கீழ வெச்சிடுவாங்க. பொம்பளைங்க கொழந்தைய இடுப்புல தூக்கிக்கினு முன்னாடி வருவாங்க. அவன் கண்ணை மூடிக்கினு உருகி உருகிச் சொல்லுவான், நான் தமிழ்ல சொல்லுவேன், ஒரு இருமல் சத்தம் வராது. முடிச்சா தலையாட்டிட்டு எழுந்து போயிடுவாங்க. ஒருத்தரும் கோட்டைப் பக்கம் வர மாட்டாங்க.

திரும்பி வர்றப்போ படகுல கேப்பான். இவ்ளோ நல்லா கேக்குறாங்களே, ஏன் ஒருத்தரும் வரலன்னு. காலம் வரணும் ஐயான்னுவேன். என் மேல ஏதோ குத்தம் கீது, அதான் கடவுள் என் வாயைக் கட்டிட்டாருன்னு அவனே முடிவு பண்ணிக்கினான். வாரத்துல ரெண்டு நாள் சாப்பாட்டை விட்டான். கல்லு மேல முட்டி போட்டுப் போட்டு ரெண்டு முட்டியும் புண்ணு. நான்தான் வேப்பெண்ணெ தடவி விட்டேன். தடவறப்போ அவன் மூஞ்சியைப் பாக்க முடியாது என்னால.

அவன் வர்றதுக்கு முன் வருசத்துலேர்ந்தே மழை இல்ல பாரு. நீ மயிலாப்பூர்ல இருந்திருப்ப, இங்க ஏரி வத்தி ஓரமெல்லாம் உப்பு பூத்துப் போச்சி. மடவை மீனெல்லாம் செத்து மெதந்துது. உள்நாட்லேர்ந்து ஜனங்க எலும்பும் தோலுமா வந்து எறங்குனாங்க. அப்போ பண்டகசாலைத் தொரை கோட்டை வாசல்ல கஞ்சிக் கொப்பரை வெச்சாரு. குடிக்க வந்தவங்களை உள்ள கொட்டாய்ல தங்க வெச்சாங்க. மழையே இல்லியே, கொட்டாய் எதுக்குன்னா? வெயிலுக்கு நெழலுன்னாங்க. அப்பறம் கப்பல் வரும். கொட்டாய் காலியாவும். அரிசி வெளையிற தீவுக்குக் கூட்டிக்கினு போறோம், நல்லா இருப்பாங்கன்னு ஆதியான் கிட்ட சொல்லி வெச்சிருந்தாங்க. அவனும் நம்பி, ஏறப் போறவங்களுக்கு செபம் பண்ணிட்டு வருவான். எனக்குத் தெரியும், அடிமையா விக்கத்தான் கொண்டு போறாங்கன்னு. வாயைத் தொறந்தா அடுத்த கப்பல்ல நானும் சூசையம்மாவும்.

ரெண்டாவது வருசம் அவனுக்கு சொரம். ஒரு மாசம் அதே சீக்காளிக் கொட்டாய்ல படுத்துக்கெடந்தான். அவனுக்குக் கஞ்சி ஊத்தினவ ஜெயம்மா. அவளும் பஞ்சத்துல வந்தவதான். புருசனையும் ரெண்டு புள்ளைங்களையும் கப்பல்ல ஏத்திட்டு, சமைக்க ஆள் வேணும்னு இவளை மட்டும் நிறுத்திக்கினாங்க. அவ யார்கிட்டயும் பேச மாட்டா. இவன் கிட்ட மட்டும் பேசினா, இவனுக்குத்தான் புரியாதேன்னு. அவனுக்கு வேற வேலை இல்லியே, கேட்டுக்கினே கெடந்தான். இது இன்னா, அது இன்னான்னு கேட்டான். தண்ணின்னு கத்துக்கினான். சோறுன்னு கத்துக்கினான். ஒரு மாசத்துல அவ இன்னா சொல்லி அழுவறான்னு முழுசா புரிஞ்சிடுச்சி அவனுக்கு.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. எழுந்து நடமாடினான், செவ்வாக்கெழமை வந்துது, பசியாவரம் வந்தோம். வழக்கம்போல அவன் சொன்னான், நான் சொன்னேன். பாதியில பாத்தா, கண்ணை மூடல. என் வாயையே பாத்துக்கினு கீறான்.  நிறுத்திட்டேன். அவன் மெதுவா, மேல சொல்லுன்னான். தமிழ்ல.

சொன்னேன். வேற இன்னா பண்றது?

படகு ஏறித் திரும்பினோம். கோட்டைப் படித்துறை வந்துது. எறங்கறப்போ, பயமான்னு கேட்டான். ஆமான்னேன். எனக்கும்னான். அவ்ளோதான். அப்பறம் ஒம்பது செவ்வாக்கெழமை போனோம். அவன் அதைப் பத்தி பேசவே இல்ல. சாப்பாடு மட்டும் ஒழுங்கா சாப்ட்டான்.

அப்பறம் பெரிய கப்பல் ஒண்ணு வந்து நின்னுது. ஆள் போதல. உள்நாட்டு ஜனம் வர்றது கொறஞ்சி போச்சி, எப்பிடியோ விசயம் பரவிடுச்சி. தொரை ஆதியானைக் கூப்ட்டாரு. பசியாவரத்துல நீ சொன்னா கேக்குறாங்களாமே, பசியோட கீறாங்க, குடும்பத்தோட கஞ்சிக்கு வரச் சொல்லுன்னாரு. சொன்னதோட வுடல, நானும் வர்றேன்னு படகுல ஏறிட்டாரு. இதோ நீ உக்காந்துக்கினு கீறியே, அங்கதான் உக்காந்தாரு. ரெண்டு சிப்பாய் வேற.

நான் வழியெல்லாம் மாதாவைக் கூப்ட்டேன். மரத்தாண்ட போய் நின்னோம். ஜனம் கூடிடுச்சி. நான் தொண்டையைக் கனைச்சேன். ஆதியான் என் தோள் மேல கையை வெச்சி ஓரமா தள்ளிட்டு, தானே ஆரம்பிச்சான். தமிழ்ல. பச்சைக் கொழந்தை தமிழு. ஆனா தெளிவா சொன்னான். கஞ்சிக்கு வராதீங்க. வந்தவங்க யாரும் ஊருக்குத் திரும்பல. புருசன் ஒரு கப்பல், பொஞ்சாதி ஒரு கப்பல். ஏரிக்கு வடக்க போங்க, இன்னிக்கே போங்க.

ஜனம் எழுந்துது. இன்னாடா சொல்றான் இவன்னு தொரை என்னைக் கேட்டாரு. எனக்கு இன்னா வந்துதோ தெரியல, நரகத்தைப் பத்திச் சொல்றாரு தொரை, நெருப்புன்னு சொன்னாரு, அதான் எழுந்து ஓடுறாங்கன்னேன். தொரை தலையை ஆட்னாரு. நல்லது, பயந்தாதான் வருவாங்கன்னாரு.

மறுநாள் கருக்கல்ல பாத்தா பசியாவரத்துல ஒரு அடுப்பு பொகையல. படகு, வலை, கோழி எல்லாத்தோடயும் எளாவூர்ப் பக்கம் போயிட்டாங்க. நாலு மாசம் கழிச்சிதான் திரும்பி வந்தாங்க. கோட்டையில என்னைக் கூப்ட்டு விசாரிச்சாங்க. நரகம்னுதான் சொன்னாருன்னு நின்னேன். அவனையும் கேட்டாங்க. அவனும் நரகம்னுதான் சொன்னேன்னான். பொய் இல்லியே.

நிரூபிக்க முடியல. ஆனா அந்தக் கப்பலுக்கு செபம் சொல்ல ஆள் இல்லன்னு அவனையே ஏத்திட்டாங்க. தண்டனையா, நெசமாவே ஆள் இல்லியான்னு எனக்கு இன்னிக்கும் தெரியல. கீழ பூட்டி வெச்சவங்களுக்கு நடுவுல அவன். கரையில நின்னு என் கையைப் புடிச்சான். அம்மாவுக்குக் காயிதம் போட்டுட்டேன், ரெண்டு வருசத்துல ஒருத்தர்கூட வரலம்மா, கடவுளுக்கு நன்றின்னு எழுதியிருக்கேன்னான். அவளுக்குப் புரியாதுன்னான். அவன் பாதி வழியில செத்துட்டதா இன்னொரு கப்பல்காரன் வந்து சொன்னான். சொரம் திரும்பிடுச்சாம்.

அவ்ளோ தமிழ் ஜெயம்மாவா சொல்லிக் குடுத்தா? அவ தண்ணியும் சோறும் அழுகையும்தான் சொல்லிக் குடுத்தா. அன்னிக்கு மரத்தாண்ட அவன் பேசின பேச்சு என்னுது வீரராகவா. வார்த்தைக்கு வார்த்தை என்னுது. மொத செவ்வாக்கெழமை அவன் இன்னா சொன்னான் தெரியுமா, கடவுள் வூட்டு வாசல் தொறந்து கீது, எல்லாரும் வாங்கன்னான். எனக்கு அந்த வாங்கன்ற வார்த்தை வாயில வரல. எதிர்ல ஒருத்தி ரெண்டு கொழந்தையோட நின்னுக்கினு, கோட்டையில கஞ்சி குடுக்குறாங்களாமேன்னு கேக்குறா. நான் வராதீங்கன்னுட்டேன். அன்னிலேர்ந்து அவன் இன்னா சொன்னாலும் நான் அதைத்தான் சொன்னேன். எந்தக் கப்பல் வந்து நிக்குது, எந்தக் கிராமத்துல ஆள் சேக்கப் போறாங்கன்னு வாராவாரம் சேத்துச் சொன்னேன். அவன் முட்டி தேய முட்டி போட்டான்.

ஏன் அப்பிடிப் பாக்குற? போய்ச் சொல்லிடுவியா? சொல்லு. உன்னை நம்பித்தான் சொன்னேன்னு இல்ல, எனக்கு வேற ஆள் கெடைக்கல. இந்த வருசமும் மேகம் இல்ல பாத்தியா. வாசல்ல நேத்து கொப்பரையை எறக்கிக் கழுவிக்கினு இருந்தாங்க.

மெதுவா எறங்கு, சேறு. அந்தா தண்ணிக் கொடத்தோட வர்றாளே, லோகநாயகி, அவதான் அன்னிக்கு ரெண்டு கொழந்தையோட நின்னவ. வா, கஞ்சிக்கு வராதீங்கன்னு அவகிட்ட ஒரு வாட்டி சொல்லு. நான் பக்கத்துல நின்னு கேக்குறேன்.