கால் இன்ச்சு ராட்செட்டு

…அதத்தாண்ணா சொல்றேன், போல்ட்டு சுத்தற இந்த ராட்செட்டு தலையே எலுமிச்சம்பழம் கணக்கா கீது, இத எப்டி அந்தச் சந்துல வுடறது? நீங்களே குனிஞ்சு பாருங்க. உங்க வேன்ல சீட்டுக்கு அடியில இஞ்சினு, அதுக்குப் பின்னாடி ஸ்டார்ட்டர் மோட்டாரு. மேல் போல்ட்டு வந்துட்ச்சு. அடி போல்ட்டுதான் பேஜாரு. உப்புக்காத்துல துரு ஏறிகினு… ஸ்பானர் போட்டு இளக்கிட்டேன், ஆனா சுத்தி வெளிய எடுக்கணுமே.

இது அரை இன்ச்சுண்ணா. புடி நீளம், உள்ள பல்லு பெருசு. அடுத்த பல்லுல வுழ இவ்ளோ தூரம் ஆட்டணும். அங்க ரெண்டு வெரல் எடம் கெடையாது, பைப்புல இடிக்குது. கால் இன்ச்சுன்னா பல்லு பொடிசு, லேசா அசச்சாலே டிக்குனு வுழும். 'கை எவ்ளோ ஆடும்னு பாத்துட்டு ராட்செட்ட எடு'ன்னு எங்க வூட்டுக்காரரு தெனம் பாடம் நடத்துவாரு. நான் எடுத்துட்டுதான் பாத்தேன்.

நான் அதிகம் பேச மாட்டேண்ணா. கஸ்டமர் வந்தா உள்ள பூந்துக்குவேன். பயம் வந்தாதான் வாய் நிக்காது. அவரு செங்கல்பட்டுக்கு சாமான் வாங்கப் போய்ட்டாரு. போனப் போட்டா 'கைய வெக்காத'ன்றாரு. நீங்க ரெண்டு மணி சிறுசேரி ட்ரிப்பு போச்சுன்னா கம்பெனில வேற வண்டி பாத்துருவாங்கன்னு மூஞ்சத் தொங்கப் போட்டீங்களா… நானே பண்றேன்னுட்டேன். ஆறாவதோட நின்னவளுக்கு தைரியத்தப் பாருங்க.

மணி பாக்காதீங்கண்ணா. புள்ளயா? அவன் அந்த டயருக்குள்ள சும்மாதான் கீறான். வெளையாட்டு சாமான் பைய மொத்தமா கொட்டிட்டேன் இன்னிக்கு.

கால் இன்ச்சு போன வாரத்துலேர்ந்து காணோம். பக்கத்துப் பஞ்சர் கட ஷ்யாம் அண்ணாதான் அடிக்கடி எரவல் கேப்பாரு. நான் போய், எடுத்திருந்தா குடுத்துடுங்கண்ணான்னேன். வாய் தொறக்காதவ தொறந்தது அதுக்குதான். அன்னிலேர்ந்து அவரு இந்தப் பக்கமே திரும்பறதில்ல. டீ வாங்குனா எனக்கும் ஒண்ணு குடுத்தனுப்புவாரு, அதுவும் நின்னுபோச்சு.

இருங்கண்ணா… ஒரு சத்தம் கேக்குதா? டிக் டிக்குன்னு. டயருலேர்ந்து.

…கால் இன்ச்சுதான். போன வாரம் அழுதான்னு நான்தாண்ணா குடுத்தேன். சோப்பு போட்டுக் கழுவி, மாரியாத்தா மேல சத்தியமா, நான்தான் குடுத்தேன். அப்புறம் பையில வாரிப் போட்டவளும் நான்தான்.

சிரிங்க, பரவால்ல. ஆனா புடுங்குனா அவன் அழற அழுகைல ரோடே கூடிரும். இந்தாங்க, இந்தப் பெருச புடிங்க. அவன் முன்னாடி உக்காந்து கரகரன்னு சுத்திக் காட்டுங்க. ம்… அப்டித்தான். பாக்கறான். வுட்டுட்டான்.

ஆ, வருதுண்ணா, சுத்துது. இது வந்தா நீங்க வாங்கியாந்த புது மோட்டார மாட்டிடலாம், ட்ரிப்பு எங்கயும் போவாது.

நிறுத்தாதீங்க, சுத்திகினே இருங்க. ஷ்யாம் அண்ணா எட்டிப் பாக்கறாரா? கால் இன்ச்சு என் கைல கீறதயும் பாத்துட்டாரா… சரி. வண்டி கெளம்புனதும் நானே ஒரு டீ எடுத்துகினு போறேன். போய் நிப்பேன்.

பேச்சுதான் வராது, அங்க போனா.