இறங்கும் தடுப்பு

நான் சொல்வதை எழுதிக்கொள்ளுமுன் மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், ஐயா. தாள் படபடக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. வரைகிறவன் பழக்கம்.

குழந்தைக் கட்டில்கள் வடிவமைக்கும் பிரிவுக்கு நான் தலைவன். தாய் அதிகம் குனியாமல் குழந்தையைத் தூக்க, பக்கத் தடுப்பு கீழே இறங்கும்படி எங்கள் நிறுவனத்தில் முதலில் வரைந்தது நான்தான். நன்றாக விற்றது. பிறகொரு நாள் ஒரு தகப்பன் வந்தார். தடுப்பைப் பாதி இறக்கினால் மெத்தை ஓரத்தில் இடைவெளி விழுகிறது, குழந்தையின் தலை அதில் மாட்டிக்கொண்டது, நல்லவேளை பக்கத்தில் இருந்தேன் என்றார். கட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வருத்தம் சொல்லி அனுப்பினேன். வேறு யாரிடமும் அதைப் பேசவில்லை.

அந்தச் சமயம் முதலாளி புதிய கட்டில் கேட்டார். புதியதில் இடைவெளி இல்லையென்றால், பழையதில் ஏன் இருந்தது என்று கேள்வி வரும். எல்லாக் கட்டிலிலும் இருந்துவிட்டால் அது தவறு இல்லை, வழக்கம். நான் யோசித்தது இவ்வளவுதான்.

என் கட்டிலின் சிறிய மாதிரியை நடுமேசையில் வைத்தேன். "இதைப் பாத்து வரையாதீங்க, சும்மா ஒரு உதாரணத்துக்கு" என்று பிரிவினரிடம் சொன்னேன். வேண்டாம் என்ற இடத்துக்குத்தான் கண் போகும். வளைவை மாற்றினார்கள், மரத்தை மாற்றினார்கள், ஒருவர் சக்கரம்கூட வைத்தார். இடைவெளி எல்லாவற்றிலும் இருந்தது.

என் தங்கையும் அதே பிரிவுதான். மாசமாக இருந்ததால் அந்த வாரம் வீட்டிலிருந்தே வரைந்தாள். மாதிரியைப் பார்க்கவில்லை. அவள் கொண்டுவந்த வரைபடத்தில் தடுப்பு இறங்கவே இல்லை. கட்டிலையே இடுப்புயரத்துக்குத் தூக்கியிருந்தாள். குனியவும் வேண்டாம், இடைவெளியும் இல்லை. இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாதது.

மாதிரியை அவள் முன்னால் நகர்த்தினேன்.

"தடுப்பு இறங்கணும்மா. எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காங்க."

"இது நல்லாயில்லையா சார்?" அலுவலகத்தில் அவளுக்கு நான் சார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கேட்டது இது இல்லையே."

சாயங்காலம் வேறொன்று வரைந்து தந்தாள். இடைவெளி இருந்தது. முதல் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

முதலாளிக்கு அவளுடையதுதான் பிடித்தது. தயாரான முதல் கட்டிலை அவளுக்கே கொடுத்தார். அவள் வீட்டுக்குப் போய் நான்தான் பொருத்திக் கொடுத்தேன். அவள் கணவர் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் திருகாணிகளை முடுக்கினேன். தடுப்பை ஏற்றி இறக்கிக் காட்டினேன். பாதியில் நிறுத்தாதே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

பையன் பிறந்தான். குப்புற விழப் பழகிய வாரத்தில், தடுப்பைப் பாதியில் விட்டு அவள் பால் காய்ச்சப் போன நேரம், அந்த இடைவெளியில் தலை மாட்டி, மூச்சு நின்று போய்விட்டான். நான் அவனுக்குத் தாய்மாமன், ஐயா.

தங்கை அழவில்லை. கட்டிலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என் கைதானே வரைஞ்சுது. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் நிக்கல. முதல்ல நான் வேற மாதிரி வரைஞ்சேன்ல அண்ணா?"

"அப்படி எதுவும் இல்லம்மா" என்றேன்.

அவள் மனது ஆறட்டும் என்றுதான் சொன்னேன்.