அவனிடமே கேட்டவள்

கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீற்றில் இரண்டு ஆசிரியைகள், மடியில் பரீட்சைத் தாள்கள். இளையவள் சொன்னாள்:

"மூணு நாளா இஸ்திகாரா தொழுறன், ராத்தா."

ஒரு முடிவுக்கு வர முடியாதவர்கள் அல்லாஹ்விடம் வழி கேட்டுத் தொழுவது அது.

"கலியாணம் ஏதும் பேசி வந்திரிக்கா?"

"இல்ல. அல்லாஹ் இரிக்கானா இல்லையா எண்டு கேட்டுத்தான் தொழுறன்."

மூத்தவள் தாள்களை மூடி வைத்தாள்.

"ஆருக்கிட்ட கேட்ட?"

"அவன்ட்டதான். வேற ஆருக்கிட்ட கேக்கிற?"

"அப்ப நீ இல்லையெண்டு சொல்ற ஆளா?"

"அதுவும் இல்ல. எனக்கு என்ன பேர் எண்டு போன்ல தேடிப் பாத்தன். அறியொணாவாதியாம், இரிக்கானா இல்லையா எண்டு அறிய ஏலாது எண்டு சொல்ற ஆள்."

"அந்தப் பேர உம்மாக்கிட்ட சொல்லிராத. பயந்திருவா."

"ஓம். விடிய சுபஹு தொழ எழுப்பி உடுறதே அவதான்."

சாய்ந்தமருதில் ஆட்கள் ஏறினார்கள். பஸ் மறுபடி கிளம்பியது. பிறகு மூத்தவள் கேட்டாள்.

"பதில் வந்திச்சா?"

"இன்னும் இல்ல. இண்டைக்கும் தொழணும்."

மூத்தவள் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வந்தா எனக்கும் ஒருக்கா சொல்லு."