‘டேங்க் இல்லை’ என்று ஆர்லீனிடம் நான் சொன்னது

பெயர் டுவேன் நிஸ்கலா. வயது ஐம்பத்தெட்டு. மினசோட்டா மாநிலம், நார்ப்ரூக் ஊர், ஏரியின் வடகரைச் சாலையில் வசிக்கிறேன். வீடுகளைச் சூடாக்கும் எரிவாயுவை லாரியில் கொண்டுபோய் நிரப்பும் தொழில் செய்கிறேன். மனைவி உயிருடன் இல்லை. மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்து விசாரணை அதிகாரி திருமதி பெக்மன் முன்னிலையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். என் வக்கீல் பக்கத்தில் இருக்கிறார். முதலில் வந்து சொல்பவனுக்குத் தண்டனை குறையும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்காக நான் வரவில்லை என்று சொல்ல ஆசைதான். சொன்னால் அதுவும் பாதிப் பொய்யாகிவிடும்.

ஏரிக்கு வடக்கே நானும் தெற்கே கோர்டி பிரெக்கியும் இந்தத் தொழிலைச் செய்து வருகிறோம். வேறு ஆள் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் எரிவாயு டேங்க் வீட்டாருக்குச் சொந்தமில்லை, எங்களுக்குச் சொந்தம். கோர்டியின் டேங்கில் நான் நிரப்பக் கூடாது, என் டேங்கில் அவன் நிரப்பக் கூடாது. ஒரு வீட்டார் ஆளை மாற்ற விரும்பினால் பழைய டேங்கை எடுத்துவிட்டுப் புதியவன் தன் டேங்கைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். முன்பெல்லாம் அவன் வீடுகளை நான் இழுப்பதும் என் வீடுகளை அவன் இழுப்பதும் நடந்துகொண்டே இருந்தது. அதனால் இருவருமே விலையை ஏற்றப் பயந்தோம்.

போன வருஷத்துக் குளிர்காலத்தில் ஏரி உறைந்த பிறகு, ஐஸ் மீது நிற்கும் என் மீன்பிடிக் குடிசைக்கு கோர்டி வந்தான். அந்தக் குடிசையை நானும் என் நண்பர் வால்டர் ஹாகலாவும் சேர்ந்து கட்டினோம். வால்டருக்குப் பக்கவாதம் வந்த பிறகு நான் தனியாகப் போய்வந்தேன். கோர்டி, வால்டரின் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். எங்கள் ஊரில் மீன் பிடிக்க ஒருவன் ஐஸில் துளை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் இன்னொருவன் துளை போட மாட்டான். போட்டால் அவனோடு உட்கார்ந்து காபி குடிக்க ஆள் இருக்காது. கோர்டி தூண்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஏன்டா டுவேன், மீனுக்கு இருக்குற மரியாதை நம்ம தொழிலுக்கு இல்லையா? என் துளைக்குப் பக்கத்துல நீ வராத, உன் துளைக்குப் பக்கத்துல நான் வரல. கத முடிஞ்சுது."

"வெலை?" என்று கேட்டேன்.

"நீ என்ன சொல்றியோ அதையே நானும் சொல்றேன். நான் என்ன பெரிய கணக்கு வாத்தியாரா?"

நான் சிரித்தேன். அன்று கிடைத்த மீனில் பாதியை அவன் வண்டியில் வைத்தேன். இதை ஊர் மரியாதை என்றுதான் நினைத்தேன் என்று அதிகாரியிடம் சொல்லத் தயார் செய்து வைத்திருந்தேன். அது எடுபடாது; வியாபாரிகள் இப்படிப் பேசி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். மரியாதையான காரியம் என்றால் ஊரில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு இரண்டு கரையிலும் விலை ஒன்றாகவே ஏறியது. இந்தக் குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் முடிந்ததும், வால்டரின் மனைவி ஆர்லீன் எனக்குப் போன் செய்தார். அவர்கள் வீடு தென்கரையில் இருக்கிறது, கோர்டியின் டேங்க். என் மனைவி நோயில் படுத்திருந்த மாதங்களில் கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, வாரம் தவறாமல் கொண்டுவந்தவர் ஆர்லீன்.

"டுவேன், கோர்டி சொல்ற வெலை எங்களுக்குக் கட்டுப்படி ஆகல. கேஸ் ஏத்திட்டு வர்ற உங்க லாரி எங்க வாசல் வழியாத்தான போகுது, உங்க டேங்க் ஒண்ணு கொண்டுவந்து வச்சுக் குடுங்களேன். வால்டருக்குக் கை எப்பவும் சில்லுன்னே இருக்கு."

என் முற்றத்தில் காலி டேங்குகள் பனி மூடிக் கிடந்தன. ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்துக்கொண்டே, "டேங்க் இல்ல ஆர்லீன். லாரியும் ரிப்பேர். டிரைவர் வேற நின்னுட்டான்," என்று சொன்னேன். மூன்றும் பொய்.

"பரவால்ல, நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க," என்றார். என் முதுகுவலி எப்படியிருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

அதன் பிறகு கோர்டிக்குப் போன் செய்து ஆர்லீன் கேட்டதைச் சொன்னேன். ஏன் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்கிறார். பேச்சை நான் மீறவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என நினைத்தேன். "நல்ல பையன்டா நீ," என்றான் கோர்டி. இந்த வயதில் அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு ஆர்லீனும் வால்டரும் எரிவாயுவை மிச்சம் பிடிக்க மாடியில் சூட்டை அணைத்துவிட்டு, சமையலறையில் கட்டிலைப் போட்டு, சூட்டுக்காக ஓவன் கதவைத் திறந்து வைத்து இருந்திருக்கிறார்கள். ஜனவரிக் குளிரில் மாடிக் குழாய் உறைந்து வெடித்து, தண்ணீர் கூரைப் பலகையோடு வால்டரின் கட்டில்மேல் இறங்கியது. அவரால் எழுந்து நகர முடியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆர்லீன் அவர்மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வால்டருக்கு நிமோனியா கண்டது. இப்போது டுலூத் நகரத்தில் ஒரு காப்பகத்தில் இருக்கிறார். பார்க்கப் போனேன். அங்கே நல்ல சூடு, நான் கோட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. "ஐஸ் எவ்ளோ கனம்?" என்று குழறிக் கேட்டார். கையகலம் காட்டினேன். அவர் கை அங்கேயும் சில்லென்றுதான் இருந்தது.

அதன் பிறகு வேறு யாரோ கொடுத்த புகாரின் பேரில் திருமதி பெக்மன் முதல் முறை வந்தார். விலை பற்றி கோர்டிக்கும் எனக்கும் எந்தப் பேச்சும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அதுவும் பொய். போன வாரம் மறுபடி வந்து, ஆர்லீன் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஆர்லீன் இப்படிச் சொல்லியிருந்தார்: "கோர்டிய என்ன வேணா கேளுங்க. டுவேன இதுல இழுக்காதீங்க. அவர்கிட்ட ஒரு டேங்க் இருந்திருந்தா அன்னைக்கே கொண்டாந்திருப்பாரு." இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தார். மறுநாள் வக்கீலைப் பார்த்தேன்.

ஆர்லீன் தந்த வாக்குமூலத்தில் தவறு இருக்கிறது. அதற்காக அவர்மேல் யாரும் குற்றம் சொல்லக் கூடாது. நான் சொன்னதை நம்பித்தான் அவர் சத்தியம் செய்தார். உண்மையை அவரிடம் யார் சொல்வது என்று அதிகாரி கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். ஆர்லீன் வால்டரைப் பார்க்க வரும் காப்பகத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். இன்னும் சொல்லவில்லை.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. டேங்க் இல்லை என்று ஆர்லீனிடம் சொன்ன இடத்தை அடித்துத் திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அன்று நான் சொன்னது அதுதான்.

(ஒப்பம்)
டுவேன் நிஸ்கலா