வெயிலில் நிறுத்திப் பாருங்கள்

உங்கள் ஜீப்பைக் கழுவுகிறவருக்குத் துணியை அலசத் தெரியாது, சார். தப்பாக நினைக்காதீர்கள், வாசலில் நின்றபோது கண்ணில் பட்டது. மண்ணோடு துடைத்துத் துடைத்துக் கதவெல்லாம் பாத்திரம் தேய்த்த மாதிரி இருக்கிறது. கடைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் நான் அங்கே இருக்க மாட்டேனே.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மெஷின் பாலிஷ் என்றால் அழுத்தித் தேய்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தவே கூடாது. மெஷினை மட்டமாகப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும், சுழலும் ஸ்பாஞ்சை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். சரியாகச் செய்தால் மெஷின் பட்ட சுவடே இருக்காது. அவசரப்பட்டால் வெயிலில் வட்டம் வட்டமாகப் பல்லிளித்துவிடும்.

என் மச்சினன் செய்யும் வண்டியெல்லாம் அப்படித்தான் பல்லிளிக்கும். மனைவியின் தம்பி, என்னிடம்தான் தொழில் பழகினான். தங்கமான பையன். கைதான் தங்கம் இல்லை. "விடுங்க மாமா, வெயில்ல நின்னு யாரு உத்து உத்துப் பார்க்கப்போறா?" என்பான். நான் பார்ப்பேனே.

அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியை வெயிலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைப்போம். ஓட்டுவது எப்போதும் மச்சினன். அன்று அவன் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். டாக்டரம்மாவின் கருப்பு வண்டி, முழுக்க என் கைவேலை. கருப்பு எதையும் மறைக்காது. பொறுக்க முடியாமல் சாவியை நானே எடுத்தேன்.

பின்தெருவில் திரும்பியதும் வெயில் நேராக பானெட்டில் விழுந்தது. ஒரு சுவடு இல்லை. மேகம் அதில் அப்படியே நகர்ந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ரோட்டை அல்ல. யாராக இருந்தாலும் பார்த்திருப்பார்கள். சைக்கிள்காரர் குறுக்கே வரவில்லை, பாவம், ஓரமாகத்தான் போனார். அதை மறைக்க மாட்டேன்.

கடைக்கு வந்ததும் மட்கார்டில் விழுந்த கீறலை எடுத்தேன். நகத்தில் தட்டாத மேலோட்டமான கீறல், நல்லவேளை. அவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தெருமுனைக் கேமராவில் வண்டி தெரிந்தது, ஓட்டியவர் முகம் தெரியவில்லை. ஓட்டுவது யார் என்று தெருவுக்கே தெரியும் என்பதால் நீங்கள் மச்சினனைத் தேடி வந்தீர்கள். அவன் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தான். அக்கா வாழ்க்கை கெடக்கூடாது என்று நினைத்திருப்பான். "நான்தான் சார் ஓட்டினேன்" என்றான். தங்கமான பையன் என்று சொன்னேனே.

என் மனைவி அன்ன ஆகாரம் இல்லாமல் அழுதாள். "எறும்பைக்கூட மிதிக்க மாட்டான். இடிச்சுப் போட்டுட்டு ஓடுற ஆளாங்க அவன்?" என்று கேட்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நல்ல வக்கீலாகப் பார்க்கலாம் என்று ஆறுதல் சொன்னேன்.

நேற்று அவனுக்கு மாற்றுத்துணி கொண்டுவந்தபோது நீங்கள்தான் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "கீறல் இருந்த இடமே தெரியலையே. உங்க மச்சினன் பலே கைகாரன்தான்." வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கவில்லை. செய்யாததற்கு ஒரு அப்பாவி உள்ளே இருப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வண்டியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். அது அவன் வேலை இல்லை, என் வேலை. ஓட்டியதும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கிளம்பும்போது அவருக்கு உயிர் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. பேசினார். "தம்பி, கொஞ்சம் தண்ணி" என்றார். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள், சீட்டில் கிடந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு உடனே இறங்கினேன். ஆனால் ரத்தம் வெயிலில் காய்ந்தால் பெயின்ட்டை அரித்துவிடும், சார். பாட்டிலில் இருந்ததே கொஞ்சம், அது மட்கார்டுக்கே சரியாகப் போய்விட்டது.