மஞ்சள் எழுத்துக் கோட்டு

கதவ முழுசாத் தொறக்க மாட்டேன் தம்பி. சங்கிலி கிடக்கட்டும், இப்படியே பேசுங்க. ஸ்பானிஷ் நல்லாத்தான் வருது. அதனாலதான் பயமே. நாடு கடத்தப் பிடிக்க வர்றவங்களும் இப்ப நம்ம பாஷைலதான் கூப்புடுறாங்க, அக்கான்னு வேற.

வானிலை ஆபீஸா? சுழல்காத்து வருதுன்னு எங்களுக்குச் சொல்ல இந்த ஒக்லஹோமாவுல ஒரு ஆளையே அனுப்புவாங்களா? நம்புற மாதிரியா இருக்கு?

சரி, இந்தத் தகர ட்ரெய்லர் வீடு காத்துல கவுந்துரும், உள்ள இருக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துல போய்ப் பதுங்கணும். அங்க வாசல்ல விசா பேப்பர் கேட்டா? கேக்க மாட்டாங்களா? உங்கம்மா மேல சத்தியமா?

ம். வேற வீடுங்கள்ல என்ன சொன்னாங்க? ஒருத்தரும் தொறக்கலையா. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க தம்பி. நீங்க போட்டிருக்குற கறுப்புக் கோட்டு, முதுகுல மஞ்ச எழுத்து, பிடிக்க வர்றவங்க போடுறது மாதிரியே இருக்கு. ஜன்னல்ல அதப் பாத்தாப் போதும், டிவிய அணைச்சு, புள்ளைங்க வாயப் பொத்தித் தரையில படுத்துருவாங்க.

போன வசந்தத்துலயும் இதே கதை. போன்ல எச்சரிக்கை இங்கிலீஷ்ல கத்துச்சு, யாருக்குப் புரியும்? ஒருத்தருக்கு மட்டும் வேலை செய்யுற எடத்துல மேஸ்திரி வெவரம் சொல்லிட்டாரு. ஓடி வந்து வீடு வீடாத் தட்டுனாரு. பாவம், பழைய துணிக்கடைல வாங்குன கோட்டு போட்டிருந்தாரு. உங்களது மாதிரியே. முதுகுல என்ன எழுதியிருக்குன்னு அவருக்கே தெரியாது. வெளிய வாங்கன்னு ஸ்பானிஷ்லதான் கத்துனாரு. அந்தக் காத்துல குரல் யாரோடதுன்னு தெரியுமா? அவரு தட்டத் தட்ட ஒவ்வொரு வீடா வெளக்கு அணைஞ்சிச்சு. வீடுங்க கவுந்தும் உள்ள இருந்தவங்க எப்படியோ பொழச்சாங்க. அவரு மட்டும் வெளிய நின்னாரு.

இருங்க, சங்கிலிய எடுக்குறேன். அந்தக் கோட்டக் கழட்டி இங்கயே போடுங்க. இந்தத் தமாலே கூடையத் தூக்குங்க, சோளமாவு இப்பத்தான் வெந்துச்சு, சூடு, பாத்து. நான் முன்னாடி தமாலேன்னு கூவிக்கிட்டுப் போறேன். தினம் விக்கிறவ, என் குரலுக்கு எல்லாரும் தொறப்பாங்க. தொறந்ததும் நீங்க சொல்லுங்க.

யாரு, போன வசந்தத்துல தட்டுன அந்த ஆளா? எலெயுதேரியோ. என் வீட்டுக்காரரு. நான் அன்னிக்கு வியாபாரத்துக்கு டவுனுக்குப் போயிருந்தேன். நடங்க தம்பி, மேகம் எறங்குது.